பன்னிரண்டு சானல் மிக்ஸரில் பன்னிரண்டு மைக் செருகலாமா?

வாசகரின் கடிதம், சுருக்கமாக

சிறிய நிகழ்ச்சிகளுக்கு ஒலியமைப்புச் செய்துதரும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஐம்பது பேர் முதல் இருநூறு பேர் வரை அமரும் அரங்குகள். வேலைகளில் மூன்றில் இரண்டு பங்கு பேச்சு: கலந்துரையாடல், நூல் அறிமுகம், பயிலரங்கு. மீதி சிறு இசைக்குழுக்கள்: இரண்டு பாடகர்கள், அகூஸ்டிக் கிட்டார், கீபோர்டு, வயலின், கஹோன் (உட்கார்ந்து கையால் தட்டும் பெட்டி வாத்தியம்). அவர் கையில் இரண்டு பவர்டு ஸ்பீக்கர் (ஆம்பிளிஃபயர் உள்ளேயே இருப்பது), மேடையில் இருப்பவர்களுக்கு ஒலி கேட்க ஒரு பவர்டு மானிட்டர் ஸ்பீக்கர், ஆறு வயர் மைக், இரட்டை வயர்லெஸ் செட் ஒன்று, பாட்டுப் போட ஒரு லேப்டாப் இருக்கின்றன. மிக்ஸர் மட்டும் நண்பருடைய பழைய எட்டு சானல், இரவல். இப்போது சொந்தமாக, ஒரு கையில் தூக்கிப்போகும் அளவில் ஒன்று வாங்க நினைக்கிறார்.

அவர் கேட்பவை: 12 சானல் என்று போட்டிருக்கும் சிறிய மிக்ஸர் போதுமா? டேப்லெட்டில் இயக்கும் டிஜிட்டல் மிக்ஸர் வாங்கினால், நடுவில் வைஃபை அறுந்தால் அரங்கமே ஊமையாகிவிடாதா? தான் வர முடியாத நாட்களில் மிக்ஸரைப் பார்த்துக்கொள்ளும் நண்பருக்கு டேப்லெட் பழக்கமில்லை, என்ன செய்வது? சத்தத்தைக் கூட்டினால் கூவுகிறது. நல்ல மிக்ஸர் வந்தால் நின்றுவிடுமா? ஃபேன்டம் பவர் (மைக் கேபிள் வழியாக மிக்ஸர் அனுப்பும் 48 வோல்ட் மின்சாரம்) போட்டால் சாதாரண மைக் எரிந்துபோகுமா? ஆம்பிளிஃபயர் சேர்ந்த மிக்ஸர் மேலா? பழைய மிக்ஸர் வாங்கலாமா? அமைப்பாளர்கள் சிலர் ஒலிப்பதிவும் கேட்கிறார்கள் என்கிறார். இடையில் ஒரு வரி: "பாடகர்கள் ஒவ்வொரு முறையும் தங்கள் குரல் தங்களுக்குக் கேட்கவில்லை என்கிறார்கள்."

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சானல் எண்ணிக்கையிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். விளம்பரங்களும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. ஆனால் போகிற போக்கில் எழுதிய அந்தப் பாடகர்கள் பற்றிய வரிதான் உங்களுக்கு எந்த மிக்ஸர் வேண்டும் என்பதைச் சொல்கிறது. சிறு நிகழ்ச்சிக்கு மிக்ஸர் பார்க்கும்போது முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். எத்தனை தனித்தனிக் கலவைகளை வெளியே அனுப்ப முடிகிறது என்று எண்ணுங்கள். அதன்பிறகு உள்ளே எத்தனை மைக் வருகிறது என்று பாருங்கள். இந்த வரிசையில் பார்த்தால் கடையில் உள்ள பல மாடல்கள் தானாகவே கழிந்துவிடும்.

பெட்டியில் எழுதியிருக்கும் எண்

சிறிய மிக்ஸர்களில் "12 சானல்" என்பது எல்லா உள்ளீடுகளையும் கூட்டிய தொகை. ஒரு ஸ்டீரியோ சானலை இரண்டாக எண்ணிக்கொள்வார்கள். யமஹா எம்ஜி12எக்ஸ்யூ-வில் மைக் உள்ளீடு 6, எம்ஜி10எக்ஸ்யூ-வில் 4, எம்ஜி16எக்ஸ்யூ-வில் 10. டிஜிட்டல் பெட்டிகளிலும் இதே கதைதான்: பெரிங்கர் எக்ஸ்ஆர்12-இல் மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் உள்ளீடு) 4, எக்ஸ்ஆர்16-இல் 8, எக்ஸ்ஆர்18-இல் 16. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. விவரத் தாளில் எல்லாம் எழுதியே இருக்கிறது. பெயரை மட்டும் பார்த்து வாங்குகிறவர்தான் முதல் நிகழ்ச்சியில் ஐந்தாவது மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். எக்ஸ்எல்ஆர் துளைகளை, அதாவது மைக் கேபிளின் மூன்று முள் பிளக் செருகும் வட்டத் துளைகளை, எண்ணுங்கள். எக்ஸ்எல்ஆரும் 6.35 மி.மீ. ஜாக்கும் ஒன்றாக இருக்கும் காம்போ துளையை ஒன்றாகவே எண்ண வேண்டும்.

இனி உங்கள் நிகழ்ச்சிகளில் மிகப் பெரியதை எடுத்துப் பட்டியல் போடுவோம். பாடகர் இருவர், 2 மைக். வயலின், கஹோன், ஆளுக்கு 1. கிட்டார் டிஐ பாக்ஸ் (அதன் சிக்னலை மைக் உள்ளீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் சிறு பெட்டி) வழியாக வந்தால் அதற்கு ஓர் எக்ஸ்எல்ஆர். அறிவிப்பாளருக்கு ஒரு வயர்லெஸ், மாற்றாக இன்னொன்று. மொத்தம் 7. கடைசி நேரத்தில் மேடையேறும் விருந்தினருக்கு ஒன்று விட்டால் 8. கீபோர்டும் லேப்டாப்பும் லைன் அளவில், அதாவது மைக்கைவிடப் பலமான சிக்னலாக வருபவை. அவற்றுக்கு ஆளுக்கொரு ஸ்டீரியோ சானல்.

இந்த எட்டைக் குறைக்க ஒரு வழி உண்டு. வயர்லெஸ் ரிசீவர்கள் பலவற்றில் எக்ஸ்எல்ஆர் வெளியீட்டோடு 6.35 மி.மீ. ஜாக் வெளியீடும் இருக்கும். ஜாக்கிலிருந்து லைன் உள்ளீட்டுக்கு இழுத்துவிட்டால் இரண்டு மைக் ப்ரீஆம்ப் மிச்சம். ஆனால் இரண்டு ரிசீவரையும் ஒரே ஸ்டீரியோ சானலின் இடது, வலது துளைகளில் செருகாதீர்கள். ஒரே ஃபேடரில் (ஒலி அளவைத் தள்ளி ஏற்றி இறக்கும் பட்டை) இரண்டு பேரும் மாட்டிக்கொள்வார்கள். ஒருவர் குரல் இடது ஸ்பீக்கரிலும் மற்றவர் குரல் வலது ஸ்பீக்கரிலும் மட்டும் வரும். ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்டீரியோ சானல் கொடுத்து, "இடது / மோனோ" என்று குறித்திருக்கும் துளையில் மட்டும் செருகினால் இரண்டு பக்கமும் ஒலிக்கும்.

லேப்டாப்பில் ஒரு பொறி இருக்கிறது. ஹெட்போன் துளையிலிருந்து மூன்று தொடுபகுதி கொண்ட ஸ்டீரியோ ஜாக்கை மோனோ சானலின் பேலன்ஸ்டு லைன் உள்ளீட்டில் (இரண்டு கம்பிகளின் வித்தியாசத்தை மட்டும் எடுப்பது) செருகினால், மிக்ஸர் இடதிலிருந்து வலதைக் கழித்துவிடும். பாட்டில் நடுவில் வைத்திருக்கும் பாடகர் குரல் காணாமல் போய், எதிரொலியும் ஓரத்து வாத்தியங்களும் மட்டும் கேட்கும். கேட்பவர்கள் ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். 3.5 மி.மீ. ஸ்டீரியோவிலிருந்து இரண்டு மோனோ ஜாக்காகப் பிரியும் கேபிளை வாங்கி ஸ்டீரியோ சானலில் செருகுங்கள். லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது மட்டும் ஹம் (தொடர்ந்த உறுமல் இரைச்சல்) வந்தால் நடுவில் ஓர் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியைப் போடுங்கள். மின் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்து ஹம்மை நிறுத்தும் வழக்கம் உங்கள் குழுவில் யாருக்காவது இருந்தால் இன்றே விடச் சொல்லுங்கள். ஒரு கருவியில் மின்கசிவு வந்தால், அந்த மின்சாரம் மைக்கைப் பிடித்திருப்பவரின் உடல் வழியாகத்தான் தரைக்குப் போகும்.

பாடகருக்கு ஏன் கேட்கவில்லை

ஒவ்வொரு சானலிலும் ஆக்ஸ் என்று ஒரு திருகு இருக்கும். முதன்மைக் கலவையிலிருந்து விலகி, தனியாக ஒரு கலவையை மானிட்டருக்கோ எஃபெக்டுக்கோ கொண்டுபோகும் வாய்க்கால் அது. சிறிய அனலாக் மிக்ஸர்கள் பலவற்றில் ஒரே ஓர் ஆக்ஸ்தான். அதையும் உள்ளே இருக்கும் எக்கோவுக்கே கொடுத்துவிட்டிருப்பார்கள். அந்த ஆக்ஸை மானிட்டருக்கு எடுத்தால் எக்கோ போய்விடும். எக்கோவுக்கு விட்டால் மானிட்டருக்கு வழியில்லை. முதன்மை வெளியீட்டையே பிரித்து மானிட்டருக்கும் கொடுக்க வேண்டியதுதான். இரவல் மிக்ஸரில் நீங்கள் செய்துவந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். அரங்குக்குச் சரியான கலவை பாடகருக்குச் சரியாக இருக்காது. அவருக்குத் தன் குரலும் சுருதி பிடிக்க ஒரு வாத்தியமும் போதும்.

எண்ணிக்கையோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: ஆக்ஸ் ஃபேடருக்கு முன்பிருந்து எடுக்கிறதா, பின்பிருந்தா. மானிட்டருக்கு முன்பிருந்து எடுப்பதுதான் வேண்டும். அப்போது அரங்குக்காக ஃபேடரை ஏற்றி இறக்கினாலும் மேடையில் மாற்றம் தெரியாது. எஃபெக்டுக்குப் பின்பிருந்து எடுக்க வேண்டும். இல்லையென்றால் பாடகரின் ஃபேடரை முழுக்க இறக்கிய பிறகும் அவருடைய எக்கோ மட்டும் ஆவிபோல் அரங்கில் சுற்றும். விவரத் தாளில் "ப்ரீ", "போஸ்ட்" என்று இருக்கும். சிலவற்றில் மாற்றிக்கொள்ளப் பட்டன் உண்டு. ஒரே ஆக்ஸ், அதுவும் போஸ்ட் மட்டும் என்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.

உங்கள் இசை நிகழ்ச்சிக்கு வேண்டியவை: பாடகர்களுக்கு ஒரு ப்ரீ ஆக்ஸ், வாத்தியக்காரர்களுக்கு இன்னொன்று, எஃபெக்டுக்கு ஒரு போஸ்ட் ஆக்ஸ். இன்று உங்களிடம் மானிட்டர் ஒன்றுதான். இரண்டாவது வாங்காமல் காலம் தள்ள முடியாது. ஆகவே 8 மைக் உள்ளீடு, குறைந்தது 3 ஆக்ஸ். அனலாக் வரிசையில் இதைத் தேடினால் எம்ஜி16எக்ஸ்யூ அளவுக்கு, அதாவது 10 மைக்கும் 4 ஆக்ஸும் உள்ள மேசைக்குப் போய்விடுவீர்கள். நல்ல மேசைதான், ஆனால் கையில் தூக்கும் சமாசாரம் இல்லை. 16 மைக்கும் 6 ஆக்ஸும் கொண்ட எக்ஸ்ஆர்18 அதைவிடச் சிறிய பெட்டியில் அடங்கிவிடுகிறது. டிஜிட்டலின் மற்ற வசதிகளையெல்லாம் மறந்துவிட்டாலும் இந்த ஒரு கணக்கு உங்களை அந்தப் பக்கம் தள்ளுகிறது.

வைஃபை அறுந்தால்

உங்கள் பயத்தில் பாதி தவறு, பாதி சரி. டேப்லெட் வழியாக ஒலி போவதில்லை. மைக்கும் ஸ்பீக்கரும் மிக்ஸர் பெட்டியில்தான் மாட்டப்பட்டிருக்கின்றன; கலப்பதும் அந்தப் பெட்டிதான். டேப்லெட் வெறும் ரிமோட். இணைப்பு அறுந்தால், கடைசியாக வைத்த நிலையில் ஒலி அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். அரங்கம் ஊமையாகாது. ஆனால் அந்த நேரம் பார்த்து ஒரு மைக் கூவ ஆரம்பித்தால் உங்களால் இறக்க முடியாது. உண்மையான ஆபத்து அதுதான். அதற்கு முன்னேற்பாடு செய்துகொள்ளலாம்.

மிக்ஸருக்குள்ளேயே வரும் வைஃபையை நம்ப வேண்டாம். எக்ஸ் ஏர் வரிசையில் (மேலே சொன்ன எக்ஸ்ஆர் மிக்ஸர்கள்) உள்ளே இருப்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். அந்த அலைவரிசையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சானல்கள் 1, 6, 11 என்று மூன்றே. இருநூறு பேரும் போனோடு உள்ளே வந்து உட்கார்ந்ததும் அங்கே நெரிசல்தான். காலி அரங்கில் ஒலிச்சோதனை செய்யும்போது அருமையாக வேலைசெய்துவிட்டு, நிகழ்ச்சி தொடங்கியதும் திணறுவது இதனால். உங்கள் வயர்லெஸ் மைக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும்.

செய்ய வேண்டியது: 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள சிறிய ரௌட்டர் ஒன்றை மிக்ஸரின் ஈதர்நெட் துளையில் மாட்டி, அதில் 2.4-ஐ அணைத்துவிடுங்கள். ரௌட்டரை மேசைக்கு அடியில் ஒளித்துவைக்காமல் ஆள் தலைக்கு மேலே, டேப்லெட்டுக்கு நேர்பார்வையில் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் மனித உடலைத் தாண்ட மிகவும் சிரமப்படும். டேப்லெட்டில் திரை தானாக அணைவதையும் அறிவிப்புகளையும் நிறுத்துங்கள். போனில் இயக்கினால் மொபைல் டேட்டாவை அணையுங்கள். இணையம் இல்லாத வைஃபையைச் சில போன்கள் தாமாகவே உதறிவிடும். கடைசிக் காப்பாக, மிக்ஸர் செயலியை லேப்டாப்பிலும் ஏற்றி, ரௌட்டருக்கு ஓர் ஈதர்நெட் கேபிளைப் போட்டு வையுங்கள். பாட்டுப் போடும் அதே லேப்டாப் போதும். காற்றில் என்ன நடந்தாலும் கம்பி வழியாகக் கை எட்டும்.

மின்சாரத்தையும் நினைவில் வையுங்கள். மின்சாரம் ஒரு நொடி போய் வந்தால் அனலாக் மிக்ஸர் உடனே பேசத் தொடங்கிவிடும். டிஜிட்டல் பெட்டி மறுபடி எழுந்து, ரௌட்டரும் எழுந்து, டேப்லெட் மீண்டும் சேர வேண்டும். அதற்குள் பேச்சாளர் மைக்கைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்திருப்பார். கணினிக்கு வைக்கும் சிறிய யூபிஎஸ் ஒன்றில் மிக்ஸரையும் ரௌட்டரையும் மட்டும் மாட்டினால் போதும். ஸ்பீக்கர்களை அதில் மாட்டாதீர்கள், அது தாங்காது.

நண்பர் உட்காரும் நாளில்

இதுதான் உங்கள் கடிதத்தில் மிகவும் யோசிக்க வைத்த பகுதி. நீங்கள் இல்லாத நாட்கள் பெரும்பாலும் பேச்சு நிகழ்ச்சிகளாக இருந்தால், மூன்று வழிகள் தெரிகின்றன.

முதலாவது, 4 மைக் உள்ள சிறு அனலாக் மிக்ஸர் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது. பேச்சுக்கு அது போதும். டிஜிட்டல் பெட்டி படுத்துவிட்ட நாளில் உயிர்காக்கவும் செய்யும். பேச்சுக்கு எடுக்கும் அனலாக்கில் கவனிக்க வேண்டியது, சானல்தோறும் 75 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் வெட்டும் லோ கட் பட்டன். மேசை அதிர்வு, மூச்சு, மைக்கைக் கைமாற்றும் தடதடப்பு எல்லாம் அதில் அடங்கும். சுற்றும் திருகைவிடத் தள்ளும் ஃபேடர் இருந்தால் மேல். நாலு பேரின் அளவு ஒரே பார்வையில் தெரியும். முதன்மை வெளியீடு எக்ஸ்எல்ஆராக இருக்கட்டும்.

இரண்டாவது, திரையும் திருகும் பெட்டியிலேயே உள்ள டிஜிட்டல் மிக்ஸர். ஆலன் அண்ட் ஹீத் 2023-இல் கொண்டுவந்த சிக்யூ18டி இந்த வகை: 16 மைக் உள்ளீடு, 7 அங்குலத் தொடுதிரை. டேப்லெட் இல்லாமலே முழு வேலையும் நடக்கும்; வேண்டுமானால் டேப்லெட்டும் சேர்த்துக்கொள்ளலாம். வைஃபை பயம் உங்களைத் தூங்கவிடாது என்றால் இதற்குப் போங்கள்.

மூன்றாவது, டேப்லெட் மிக்ஸரையே வாங்கி, நண்பருக்கென்று "பேச்சு" என ஒரு சீனை, அதாவது எல்லா அமைப்புகளின் தொகுப்பை, சேமித்துக் கொடுப்பது. அதில் நான்கு மைக், லேப்டாப், முதன்மை ஃபேடர் மட்டும் முதல் பக்கத்தில் இருக்கட்டும். ஈக்யூ (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைப்பது), லோ கட், கம்ப்ரஸர் (உரத்த ஒலியை அடக்குவது) எல்லாம் நீங்கள் வைத்த நிலையிலேயே நிற்கும். டிஜிட்டல் மிக்ஸர்கள் சிலவற்றில் ஆட்டோமிக்ஸ் என்றொரு வசதி உண்டு. டான் டூகன் 1970களில் உருவாக்கிய முறை அது: பேசுகிறவரின் மைக்குக்கு அளவைக் கொடுத்து, சும்மா இருக்கும் மைக்குகளைத் தானாக இறக்கும்; மொத்தத்தில் ஒரு மைக் திறந்திருக்கும் அளவுதான் எப்போதும் வெளியே போகும். நாலு பேர் கலந்துரையாடலுக்கு, ஃபேடரைத் துரத்திக்கொண்டிருக்கும் பழக்கமில்லாத கையைவிட இது நன்றாகச் செய்யும். இசைக்கு மட்டும் அதை அணைத்துவிட வேண்டும்.

என் பரிந்துரை: 16 மைக் உள்ள டேப்லெட் மிக்ஸர், தனி ரௌட்டர், நண்பருக்கும் அவசரத்துக்குமாக அந்தச் சிறு அனலாக். ஒரே பொருள்தான் வாங்க முடியும் என்றால் இரண்டாவது வழி. இசை நிகழ்ச்சிகளை நீங்கள் விட்டுவிடப் போகிறீர்கள் என்றால் மட்டும், 6 மைக்கும் 2 ஆக்ஸும் உள்ள அனலாக் போதும்.

கூவுவதற்கு மிக்ஸர் காரணமா

பெரும்பாலும் இல்லை. மைக்கில் போகும் ஒலி ஸ்பீக்கரில் வெளியேறி, திரும்பி அதே மைக்குக்குள் போதிய பலத்தோடு நுழைந்தால் கூவும். அதைத் தீர்மானிப்பவை தூரங்கள். வாய்க்கும் மைக்குக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாதியாக்கினால் சுமார் 6 டெசிபெல் கிடைக்கும். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பானால் 3 டெசிபெல் போய்விடும். ஒரு மைக்கிலிருந்து நாலு மைக்குக்குப் போனால் 6 டெசிபெல் நஷ்டம். எந்த விலையுயர்ந்த மிக்ஸரும் இந்தக் கணக்கை மாற்றாது. பேசாதவரின் மைக்கை மியூட் செய்வது, ஸ்பீக்கர்களை மைக்குகளுக்கு முன்னால் தள்ளி வைப்பது, பேச்சாளரை மைக்குக்கு ஒரு கையளவு அருகில் வரச் சொல்வது: இந்த மூன்றும் முதலில்.

மானிட்டர் வைக்கும் இடம் மைக்கின் வகையைப் பொறுத்தது. கார்டியாய்டு மைக் (முன்பக்க ஒலியை அதிகமாக எடுக்கும் வகை) நேர் பின்பக்கத்தில்தான் மிகக் குறைவாகக் கேட்கும். மானிட்டர் பாடகருக்கு நேர் எதிரே இருக்கலாம். இன்னும் குறுகலாக எடுக்கும் சூப்பர்கார்டியாய்டு நேர் பின்னாலிருந்து கொஞ்சம் கேட்கும். அதன் செவிட்டுப் பகுதி முன்பக்கத்திலிருந்து சுமார் 125 பாகை விலகி இரு பக்கமும் இருக்கிறது. அந்த மைக்குக்கு மானிட்டரைச் சற்று ஓரமாக நகர்த்த வேண்டும். இதைக் கவனிக்காமல் மைக்கை மட்டும் "நல்லதாக" மாற்றியவர்கள் முன்பைவிட அதிகமாகக் கூவுகிறது என்று புலம்புவார்கள். மைக்கின் வலைத் தலையைக் கைக்குள் பொத்திப் பிடிக்கும் பாடகர் அதன் திசைத்தன்மையையே கெடுத்துவிடுகிறார். அவரிடம் பணிவாகச் சொல்லிப் பாருங்கள்.

மிக்ஸர் உதவும் இடம் கடைசி சில டெசிபெல்கள். சிறிய அனலாக்கில் நடு அதிர்வெண்களுக்கான மிட் திருகு ஒரே இடத்தில், பெரும்பாலும் 2.5 கிலோஹெர்ட்ஸில் நிற்கும். கூவல் 400 ஹெர்ட்ஸில் வந்தால் அது எட்டாது. நகர்த்தும் மிட் உள்ள மாடல் மேல். டிஜிட்டலில் ஆக்ஸ்தோறும் ஈக்யூ கிடைக்கும். முறை இதுதான்: அரங்கம் காலியாக இருக்கும்போது எல்லா மைக்கையும் அவற்றின் இடத்தில் வைத்து, மானிட்டர் அளவை மெல்ல ஏற்றுங்கள். லேசாக ரீங்கரிக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, அந்த அதிர்வெண்ணைக் குறுகலாக 3 டெசிபெல் வெட்டுங்கள். மறுபடி ஏற்றுங்கள். மூன்று நான்கு இடங்களுக்கு மேல் வெட்ட வேண்டி வந்தால் ஈக்யூவை விட்டுவிட்டு மானிட்டரை நகர்த்துங்கள். அதற்குமேல் வெட்ட வெட்டக் குரல்தான் மெலியும். பாடகரின் மானிட்டருக்குள் எக்கோ போவதும் கூவலைச் சீக்கிரம் கொண்டுவரும்.

கெயின், அதாவது மைக் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்ற அளவு, வைப்பதிலும் ஒரு வார்த்தை. ஷூர் எஸ்எம்58 மாதிரியான டைனமிக் மைக் (மின்சாரம் தேவைப்படாத சாதாரண வகை), 94 டெசிபெல் ஒலியழுத்தத்தில் தருவது சுமார் 1.85 மில்லிவோல்ட். அதைத் தொழில்முறை லைன் அளவான 1.23 வோல்ட்டுக்குக் கொண்டுவர ஏறக்குறைய 56 டெசிபெல் கெயின் வேண்டும். ஆகவே விவரத் தாளில் 55 முதல் 60 டெசிபெல் வரை கெயின் இருக்கிறதா என்று பாருங்கள். மென்குரலில் பேசுகிறவர்களுக்கு அது தேவைப்படும். ப்ரீஆம்பின் இரைச்சல் எண்ணில் இரண்டு மூன்று டெசிபெல் கூடுதல் குறைவு பார்த்து நேரம் கழிக்காதீர்கள். அரங்கின் மின்விசிறிச் சத்தம் அதை மூழ்கடித்துவிடும். பேச்சாளரைப் பேசும் உரத்திலேயே பேசச் சொல்லி, டிஜிட்டல் மீட்டரில் சராசரி −18, உச்சம் −10 சுற்றி வருமாறு கெயினை வையுங்கள். ஃபேடர் 0 குறியருகே இருக்கட்டும். அங்கேதான் விரலின் சிறு நகர்வுக்குச் சிறு மாற்றம் கிடைக்கும். பவர்டு ஸ்பீக்கரின் பின்னால் மைக் / லைன் சுவிட்சு இருந்தால் லைனில் வையுங்கள். அது மைக்கில் இருப்பதால் ஒலி கிழிவதைப் பார்த்து மிக்ஸரைக் குறை சொல்பவர்கள் நிறைய.

மற்றவை

ஃபேன்டம் பவர்: சரியான பேலன்ஸ்டு எக்ஸ்எல்ஆர் கேபிளில் மாட்டிய டைனமிக் மைக்குக்கு 48 வோல்ட்டால் ஆபத்தில்லை. இரண்டாம், மூன்றாம் முள்களில் ஒரே அளவு அழுத்தம் வருவதால் காயில் வழியாக மின்னோட்டம் ஓடாது. உங்கள் வயலின் கலைஞரின் கிளிப் மைக் கண்டென்சராக இருந்தால் அதற்கும், ஆக்டிவ் டிஐ பாக்ஸுக்கும் ஃபேன்டம் தேவை. ஆபத்து வேறிடங்களில்: ஒரு முனை எக்ஸ்எல்ஆர், மறு முனை மோனோ ஜாக் என்று உள்ள அன்பேலன்ஸ்டு கேபிள்கள், பழைய ரிப்பன் மைக்குகள், எக்ஸ்எல்ஆர் வழியாக மாட்டிய லேப்டாப், கீபோர்டு. சிறிய அனலாக்கில் ஒரே பட்டன் எல்லா சானலுக்கும் போடும். டிஜிட்டலில் பெரும்பாலும் சானல்தோறும் தனி. போடும்போதும் கழற்றும்போதும் சானலை மியூட் செய்யுங்கள், இல்லையென்றால் ஸ்பீக்கரில் பலத்த அடி விழும்.

கிட்டார்: கிட்டாரின் அதிர்வை எடுக்கும் பீசோ பிக்கப்பை நேராக லைன் உள்ளீட்டில் செருகினால் தகரம்போல் ஒலிக்கும். லைன் உள்ளீட்டின் மின்மறுப்பு சுமார் 10 கிலோஓம். பீசோவுக்கு 1 மெகாஓம் அளவு வேண்டும். மிக்ஸரில் ஹை-இசட் பட்டன் இருந்தால் அது, இல்லையென்றால் ஆக்டிவ் டிஐ.

ஆம்பிளிஃபயர் சேர்ந்த மிக்ஸர்: உங்களுக்கு வேண்டாம். உங்கள் ஸ்பீக்கர்களுக்குள்ளேயே ஆம்பிளிஃபயர் இருக்கிறது. அந்த மிக்ஸரின் ஸ்பீக்கர் வெளியீட்டைத் தவறி பவர்டு ஸ்பீக்கரின் லைன் உள்ளீட்டில் மாட்டினால் உள்ளீட்டுச் சுற்றே எரியலாம்.

ஒலிப்பதிவு: அமைப்பாளர்கள் கேட்கிறார்கள் என்று கோடிட்டிருக்கிறீர்கள். யூஎஸ்பி இருக்கிறது என்றாலே தனித்தனி டிராக் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறிய அனலாக்கில் பெரும்பாலும் முதன்மைக் கலவை மட்டும் ஸ்டீரியோவாகப் போகும். பேச்சுக்கு அது போதும். இசைக்குப் போதாது: சிறிய அரங்கில் கஹோன் தானாகவே உரக்கக் கேட்பதால் ஸ்பீக்கரில் கொஞ்சம்தான் போட்டிருப்பீர்கள், பதிவில் அது காணவே காணாது. எக்ஸ்ஆர்18 மாதிரி 18 டிராக் யூஎஸ்பி இருந்தால் வீட்டில் மறுபடி கலக்கலாம். பதிவு செய்யப்போவதை மேடையில் உள்ளவர்களிடம் முன்பே சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். இடைவேளையில் திறந்திருக்கும் மைக்கில் விழும் தனிப்பேச்சும் டிராக்கில் ஏறும்.

பழையது வாங்குவதானால்

தயங்காமல் வாங்கலாம், ஒரு மணி நேரம் சோதிக்க விடுகிறவரிடமிருந்து. ஒரு டைனமிக் மைக், ஒரு ஹெட்போன், ஒரு மல்டிமீட்டர் எடுத்துப்போங்கள். மைக்கை ஒவ்வொரு எக்ஸ்எல்ஆரிலும் செருகி, பிளக்கை லேசாக ஆட்டுங்கள். கரகரத்தால் துளையின் சால்டர் விட்டிருக்கிறது. எல்லாத் திருகையும் ஃபேடரையும் முழுக்க ஓட்டுங்கள். லேசான கரகரப்பு துப்புரவில் போகும். ஒரே இடத்தில் ஒலி செத்துப் பிழைத்தால் பாகமே மாற்ற வேண்டும். ஃபேன்டம் போட்டு, முள் 1-க்கும் 2-க்கும் இடையிலும், 1-க்கும் 3-க்கும் இடையிலும் டிசி அளவை எடுங்கள். 44 முதல் 52 வோல்ட்டுக்குள், இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருந்தால் அந்த சானலின் மின்தடை கெட்டிருக்கிறது.

அடாப்டரில் இயங்கும் மிக்ஸர் என்றால், அதோடு வந்த அசல் அடாப்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். சில பழைய சிறு மிக்ஸர்கள் ஏசி வெளியீடு தரும் அடாப்டரில் ஓடுபவை. கிடைத்த டிசி அடாப்டரை மாட்டினால் ஓடாது. டிஜிட்டல் பெட்டி என்றால், அதன் செயலி உங்கள் டேப்லெட்டின் இன்றைய இயங்குதளத்தில் ஏறுகிறதா என்று அங்கேயே ஏற்றிப் பாருங்கள். பெட்டி நன்றாக இருந்து செயலி கைவிடப்பட்டிருந்தால் நீங்கள் வாங்குவது வெறும் உலோகம். பழைய உரிமையாளரின் கடவுச்சொல்லை நீக்கி, தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள்.

புதிதாக வாங்கினாலும் இதே சோதனைகளைத் திருப்பிக்கொடுக்கும் கெடுவுக்குள் செய்து முடியுங்கள். வழக்கமாக நீங்கள் தொடாத கடைசி சானல்கள், இரண்டாவது ஆக்ஸ் வெளியீடு, ஹெட்போன் துளை எல்லாவற்றையும் சேர்த்து. பிறகு ரௌட்டர், மிக்ஸர், டேப்லெட் மூன்றையும் நான்கு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு, வீட்டிலுள்ளவர்களின் போன்களையெல்லாம் அதே அறையில் வைத்துப் பாருங்கள். அதில் தடுமாறாமல் இருந்தால் முதலில் ஒரு பேச்சு நிகழ்ச்சிக்குக் கொண்டுபோங்கள். இரவல் மிக்ஸரை அன்று மட்டும் வண்டியிலேயே வைத்திருங்கள்.